தாழ்ந்த காருக்கு எந்த டயர்?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு குடும்பம் வேடந்தாங்கலுக்குப் புறப்படுகிறது. ஏரியில் பறவைகள் வந்து இறங்கியிருக்கும் காலம். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். டிக்கியில் புளியோதரைத் தூக்கு, தண்ணீர்க் கேன், பாய், பை.

கார், பழைய கார். முன்பு அதை வைத்திருந்தவர் ஓர் இளைஞர். ரேஸ் கார் மாதிரி இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஸ்பிரிங்கை மாற்றிக் காரை 4 சென்டிமீட்டர் தாழ்த்தினார். அகலமான சப்பை டயர்களைப் போட்டார். கார் பார்ப்பதற்கு ஜோர்! அந்த ஜோரைப் பார்த்துத்தான் அப்பாவும் வாங்கினார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் வழுக்கிக்கொண்டு போனது. படாளம் கூட்டு ரோட்டில் திரும்பியது. பிறகு கிராமத்து ரோடு. ஒரு வேகத்தடை வந்தது.

'கர்ர்ர்...'

காரின் வயிறு இடித்தது. "முருகா!" என்றார் பாட்டி. அடுத்த வேகத்தடைக்கு முன்பு பாட்டியும் அம்மாவும் பிள்ளைகளும் கீழே இறங்கினார்கள். கார் காலியாக ஏறி இறங்கியது. அவர்கள் பின்னால் நடந்து வந்தார்கள்.

காசு கொடுத்துக் கார் வாங்கியது நடப்பதற்கா?

இப்படிப்பட்ட குடும்பங்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. முதல் கார் வாங்கும் வீட்டில் அது பெரும்பாலும் பழைய காராகத்தான் இருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் செய்த வேடிக்கைகள் எல்லாம் காரோடு சேர்ந்து வந்துவிடுகின்றன. டயர் தேய்ந்ததும் கடைக்குப் போகிறார்கள். "இந்தக் காருக்கு எந்த டயர் போடலாம்?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி சிறியது. ஆனால் ஐந்து உயிர்கள் அந்த நான்கு டயர்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

கார் எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் சரி, டயரின் மொத்த உயரம் கம்பெனி போட்டுக் கொடுத்த உயரமாகவே இருக்கவேண்டும். அது தாங்கும் எடையும் குறையக் கூடாது. கார் தாழ்ந்துவிட்டது என்பதற்காக டயரையும் தாழ்த்துவது, செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவது போன்றது.

டயரில் என்ன எழுதியிருக்கிறது?

டயரின் பக்கத்தில் ஏதோ நம்பர் எழுதியிருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. படிப்பது சுலபம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்த பிள்ளை போதும்.

மாருதி ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்வோம். 2018-ல் வந்த ஸ்விஃப்ட்டில், விலை குறைந்த வகைக்கு '165/80 ஆர் 14' என்ற டயர்.

165 என்பது டயரின் அகலம். மில்லிமீட்டர் கணக்கு. 80 என்பது டயரின் பக்கச் சுவர் எவ்வளவு உயரம் என்று சொல்கிறது. அகலம் 100 என்றால் சுவர் 80. அதாவது 165 மில்லிமீட்டரில் 100-க்கு 80 பங்கு. கணக்குப் போட்டால் 132 மில்லிமீட்டர். 'ஆர்' என்றால் ரேடியல் டயர். 14 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில்.

இப்போது டயரின் மொத்த உயரம் என்ன? மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர். இரண்டும் 264 மில்லிமீட்டர். நடுவில் 14 அங்குல ரிம். அது 356 மில்லிமீட்டர். மொத்தம் 620.

அதே ஸ்விஃப்ட்டில் விலை கூடிய வகைக்கு 185/65 ஆர் 15. அகலம் கூடுதல். ரிம் பெரிது. ஆனால் சுவர் குட்டை. கூட்டிப் பார்த்தால் மொத்த உயரம் 621 மில்லிமீட்டர் சொச்சம். வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை!

பார்த்தீர்களா? ரிம்மைப் பெரிதாக்கிய கம்பெனி, சுவரைக் குறைத்து உயரத்தைச் சமன் செய்துவிட்டது. அகலத்தை மாற்றினார்கள். ரிம்மை மாற்றினார்கள். உயரத்தில் கை வைக்கவில்லை. பெரிய ரிம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் இதுதான் வழி. அதே காரின் வேறு வகைக்குக் கம்பெனி என்ன அளவு போடுகிறது என்று பார்த்து, அதையே போடவேண்டும்.

நம்முடைய இளைஞர் போட்டது என்ன? 195/50 ஆர் 15. அதன் உயரம் 576 மில்லிமீட்டர்தான். 44 மில்லிமீட்டர் போய்விட்டது. சக்கரத்தின் நடுப்பகுதியில்தான் கார் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அதில் பாதி, 22 மில்லிமீட்டர், கார் மேலும் தாழ்ந்துவிட்டது.

தரைக்கும் காருக்கும் நடுவே

அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே இடைவெளி 163 மில்லிமீட்டர். ஸ்பிரிங்கில் 40 போயிற்று. டயரில் 22 போயிற்று. மீதி 101. ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கியிலும் சாமான் ஏற்றினால் ஸ்பிரிங் இன்னும் அமுங்கும். 2, 3 சென்டிமீட்டர் அதில் போகும். கடைசியில் மிஞ்சுவது 7, 8 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் அவ்வளவுதான்.

வேகத்தடை எவ்வளவு உயரம்? இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதித்த அளவு 10 சென்டிமீட்டர். நீளம் 3.7 மீட்டர். அவ்வளவு நீளமாக, சரிவாகப் போட்டால் தாழ்ந்த காரும் மெல்ல ஏறி இறங்கிவிடும். ஏனென்றால் நடுவயிறு உச்சிக்கு வரும்போது, சக்கரங்களும் சரிவின் மேலேயே இருக்கும்.

ஆனால் தெருவில் கிடப்பவை எல்லாம் அப்படியா? ஒரு முழம் அகலத்தில் குட்டிச் சுவர் மாதிரி நிற்பவை எத்தனை! அங்கே முன்சக்கரம் தாண்டி இறங்கிவிடும். பின்சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. நடுவில் வயிறு மாட்டிக்கொள்ளும். வேகத்தடையைத் தப்பாகப் போட்டவர்கள்மேல் குற்றம் உண்டு. அதை இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அந்த வேகத்தடைகளும், பள்ளங்களும், மழைக்குப் பிறகு கரைந்து கிடக்கும் ரோட்டோரமும் இருக்கின்ற நாட்டில்தானே காரை ஓட்டவேண்டும்?

வயிறு இடிப்பது சத்தத்தோடு முடியும் காரியம் அல்ல. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தட்டு இருக்கிறது. அது உடைந்தால் எண்ணெய் முழுவதும் ரோட்டில். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் போச்சு!

பொய் சொல்லும் மீட்டர்

உயரம் குறைந்த டயரால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும்.

காருக்கு வேகம் எப்படித் தெரிகிறது? சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை எண்ணித்தான். பெரிய சக்கரம் ஒரு கிலோமீட்டர் போக 514 முறை சுற்றும். சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு 553 முறை சுற்றவேண்டும். காருக்கு டயர் மாறியது தெரியாது. கூடச் சுற்றியதால் கூட ஓடியதாக எண்ணிக்கொள்ளும்.

சென்னையில் இருந்து வேடந்தாங்கலுக்குச் சுமார் 80 கிலோமீட்டர். இந்தக் காரின் மீட்டர் 86 என்று காட்டும். "அடடே! பெட்ரோல் நல்ல மைலேஜ் கொடுக்கிறதே!" என்று அப்பா மகிழ்ந்துபோவார். ஓடாத 6 கிலோமீட்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார் பாவம்.

சரி, எதிர்ப்பக்கமாகப் போனால் என்ன? 'கார் தாழ்ந்துவிட்டது. பெரிய டயர் போட்டுத் தூக்கிவிடலாம்' என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் தப்பு. காரைத் தாழ்த்தியபோது மட்கார்டும் டயரை நோக்கி 4 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. மேலே இடம் இல்லை. பெரிய டயர் போட்டு, ஐந்து பேர் ஏறி, வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தால், டயர் மட்கார்டில் உரசும். உரச உரசச் சுவர் அறுபடும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆகவே கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. 100-க்கு 2, 3 பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த டயரை வேண்டாம் என்று ஒதுக்கிவிடவேண்டும்.

எடை தாங்கும் எண்

அளவுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும். 82, 85, 88 என்று ஏதாவது ஒன்று. அதுதான் எடை எண். கிலோ அல்ல, குறிப்பு. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 85 என்றால் 515 கிலோ. 88 என்றால் 560 கிலோ.

165/80 ஆர் 14-க்கு எடை எண் 85. இளைஞர் போட்ட சப்பை டயருக்கு 82. ஒரு டயருக்கு 40 கிலோ குறைவு. நான்குக்கும் 160 கிலோ.

"நான்கு டயரும் சேர்ந்து 1,900 கிலோ தாங்குமே! காரும் ஆட்களும் சேர்ந்தாலும் சுமார் 1,300 கிலோதானே!" என்று கணக்குக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நின்றுகொண்டிருக்கும் காருக்கு அந்தக் கணக்குச் சரி. ஓடும் காருக்குச் சரி அல்ல. பிரேக் அடித்தால் எடை முன்னால் சாயும். வளைவில் ஒரு பக்கமாகச் சாயும். பள்ளத்தில் விழும்போது ஒற்றை டயர் அத்தனை அடியையும் வாங்கும். அதற்காகத்தான் கம்பெனி தாராளமாக இடம் விட்டு வைத்திருக்கிறது. அந்தத் தாராளம் காரின் அழகுக்கு அல்ல, பிள்ளைகளுக்கு.

சப்பை டயருக்கு இன்னொரு பலவீனம். சுவர் குட்டை. காற்றும் ரப்பரும் அடியைத் தாங்கிக்கொள்ள இடம் இல்லை. பள்ளத்தில் விழுந்தால் ரிம் வளையும். அல்லது டயரின் சுவரில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு புடைப்பு கிளம்பும். புடைப்பு வந்த டயரை ஒட்டுப் போட்டு ஓட்டமுடியாது. மாற்றித்தான் ஆகவேண்டும்.

அகலமான டயர் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலாவுகிறது. காய்ந்த ரோட்டில் அகலம் உதவும். தண்ணீர் நிற்கும் ரோட்டில், அகலமான டயர்தான் சீக்கிரம் தண்ணீர்மேல் மிதக்கும். மிதந்துவிட்டால் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. வேடந்தாங்கலில் பறவைக் காலம் தொடங்குவதே வடகிழக்கு மழையோடுதான். பட்டன் தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரில் அந்த மழையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவது விஷப் பரீட்சை. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் காலம் முடிந்தது என்று அர்த்தம்.

உள்பக்கத் தேய்மானம்

தாழ்த்திய கார்களில் சக்கரங்கள் நேராக நிற்பதில்லை. தலைப்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கும். அப்போது டயரின் உள்ஓரம் மட்டும் தேயும். வெளியே நின்று பார்ப்பவருக்குப் புது டயர் மாதிரி தெரியும். உள்ளே குனிந்து பார்த்தால் கம்பி தெரியும்! எந்த அளவு டயர் போட்டாலும் இது நடக்கும். டயர் மாற்றும்போதே வீல் அலைன்மென்ட் பார்க்கவேண்டும். பிறகும் மாதத்துக்கு ஒரு முறை ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துவிட்டு, உள்பக்கத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். இரண்டு நிமிட வேலை.

பணம் மிச்சம் என்று ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அறுத்த ஸ்பிரிங் நீளம் போதாமல், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது தன் இருப்பிடத்தை விட்டே விலகலாம். பழைய கார் வாங்குகிறவர்கள் மெக்கானிக்கிடம் முதலில் காட்டவேண்டிய இடம் அதுதான்.

ரேஸ் கார் தாழ்ந்திருக்கிறதே!

ஆமாம். தாழ்ந்துதான் இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. எடை கீழே இருந்தால் வளைவில் கார் கவிழாது. சென்னையில் மோட்டார் பந்தயம் முன்பு சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் நடந்தது. 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே போட்ட பாதையில் நடக்கிறது. அங்கே வேகத்தடை இல்லை, பள்ளம் இல்லை, மாடு குறுக்கே வராது. காரில் ஒரே ஆள். தலையில் ஹெல்மெட். பாட்டி இல்லை, புளியோதரைத் தூக்கும் இல்லை.

அழகுக்காகக் காரைத் தாழ்த்தும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சத்து இளைஞர்கள் டிக்கியில் மணல் மூட்டையை ஏற்றிக் காரைத் தாழ்த்தினார்கள். 1950-களின் கடைசியில் அங்கே ஒரு சட்டம் வந்தது. காரின் எந்தப் பாகமும் ரிம்மின் அடிவிளிம்பைவிடக் கீழே வரக்கூடாது! அதில் நல்ல யோசனை இருந்தது. டயரில் காற்று அடியோடு இறங்கிவிட்டாலும், கார் ரிம்மின் மேல்தான் நிற்கவேண்டும். வயிற்றால் தரையில் இழுபடக் கூடாது. அந்தத் தடையை 2024-ல் அந்த மாநிலம் எடுத்துவிட்டது. ஆனாலும் அளந்து பார்க்க இன்றைக்கும் நல்ல அளவுகோல்.

நம் நாட்டுச் சட்டம் கண்டிப்பானது. கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைக் கிளறும். மாற்றியவர் எங்கேயோ இருப்பார். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருப்பவர் பதில் சொல்லவேண்டும்.

தாழ்த்திய காரோடு பெரும்பாலும் ஓட்டை சைலென்சரும் சேர்ந்து வருகிறது. வேடந்தாங்கல் ஜனங்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊருக்குள் 'டபடப' என்று சத்தம் போட்டுக்கொண்டு நுழைகிறவர்களை என்ன சொல்வது?

கடையில் என்ன கேட்கவேண்டும்?

டயர் கடையில் அப்பாவும் மகனும் நிற்கிறார்கள். மகனுக்கு அகலமான டயர்மேல் கண்.

"அண்ணே, இதையே போட்டுடுங்க. சூப்பரா இருக்கும்."

கடைக்காரர் அனுபவசாலி. "இருக்கட்டும் தம்பி. வண்டியில எத்தனை பேர் போவீங்க?"

"அஞ்சு பேருண்ணே."

"அப்ப டிரைவர் பக்கத்துக் கதவைத் திற. ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருக்குன்னு படி."

கடைக்காரர் சொல்வதுதான் சரி. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், அங்கே கம்பெனி ஒட்டிய சீட்டு இருக்கும். டயரின் அளவும், எத்தனை பவுண்டு காற்று என்பதும் அதில் உண்டு. ஐந்து பேரும் சாமானும் போனால் எவ்வளவு காற்று என்று பல கார்களில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். சீட்டு கிழிந்துபோயிருந்தால் காரோடு வந்த புத்தகத்தில் பார்க்கலாம். இப்போது காரில் மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அளவு கேட்கவே கூடாது. அது முன்னால் வைத்திருந்தவர் செய்த தப்பாக இருக்கலாம்.

டயர் செய்த தேதியையும் பார்க்கவேண்டும். சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால், 2024-ம் ஆண்டு 23-வது வாரம். கடையில் தூங்கிக் கிழடான டயரைப் புது டயர் விலைக்கு வாங்கவேண்டாம்.

கையில் இருக்கும் பணத்துக்கு டயர் மட்டும்தான் முடியும் என்றால், ஸ்டிக்கரில் உள்ள அளவைப் போட்டுக்கொண்டு, ஆள் நிறைய ஏற்றும்போது மெதுவாகப் போகலாம். அகலமான அலாய் ரிம்மில் பழைய அளவு டயர் உட்காராது. அப்போது ரிம்மையும் மாற்றவேண்டும். இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், டயருக்கு முன்பாகக் கம்பெனி ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுவிடுவது மேல். கார் பழைய உயரத்துக்கு வந்துவிடும். கதவு ஸ்டிக்கரில் உள்ள டயரும் அதில் கச்சிதமாக உட்காரும். மகன் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பரவாயில்லை.

ஸ்டெப்னியை மறந்துவிடக் கூடாது. தாழ்த்திய பல கார்களில் நான்கு டயரும் சப்பையாக இருக்கும். டிக்கியில் கிடக்கும் ஐந்தாவது டயர் மட்டும் பழைய அளவில் இருக்கும். வழியில் பஞ்சர் ஆகி அதை மாட்டினால், ஒரு பக்கம் 620, மறு பக்கம் 576! கார் ஒரு பக்கமாக இழுக்கும். அப்படி மாட்ட நேர்ந்தால் பக்கத்துப் பஞ்சர் கடை வரைக்கும் ஊர்ந்து போகலாம். அதற்குமேல் போகக்கூடாது. பயணம் புறப்படும் முதல் நாள் மாலையில் டிக்கியைத் திறந்து, அந்த ஐந்தாவது டயரின் நம்பரையும் ஒரு முறை படித்துவிட்டு, காற்றும் அடித்து வைத்துவிடுவது நல்லது.